அப்கிரேட்டுக்குப் பின் திரையும் இணையமும் ஒன்றாகப் போனபோது: வெள்ளவத்தைக் கடை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் அந்தக் கடை இருக்கிறது. தட்டச்சு, போட்டோகொப்பி, கலியாண அட்டை, கோயில் நோட்டீஸ், 31ஆம் நாள் நினைவு மலர் என்று எல்லாம் செய்வார்கள். பெரிய அளவில் அடிக்க வேண்டியவை மருதானையில் உள்ள அச்சகத்துக்கு பிடிஎஃப் கோப்பாகப் போகும். கடைக்காரர் அறுபதைத் தாண்டியவர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே தங்கிவிட்டவர். உதவிக்கு ஒரு இளைஞர். நான் அங்கே வேலை செய்பவன் இல்லை. தெகிவளையில் இருக்கிறேன், வேறிடத்தில் நெட்வொர்க் பராமரிப்பு என் தொழில். கடைக் கணினிகளுக்கு ஏதாவது ஆனால் எனக்கு அழைப்பு வரும்.

மூன்று கணினிகளில் பிரதானமானது 4ஆம் தலைமுறை இன்டெல் ஐ5. அதில் என்விடியா ஜிடி 730 கிராஃபிக்ஸ் கார்ட், அதிலிருந்து இரண்டு மொனிட்டர்கள். ஒன்றில் கையெழுத்துப் பிரதியின் ஸ்கேன், மற்றதில் பக்க வடிவமைப்பு. இரண்டு திரை இல்லாமல் அவர்களுக்கு வேலை ஓடாது.

விண்டோஸை விட்டு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு அவர்கள் மாறியது 2022இல். ஆண்டுத் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 350ஐத் தாண்டியிருந்தது. பழைய கணினியின் டிஸ்க் போனபோது புதிய இயந்திரமும் வாங்க முடியவில்லை, விண்டோஸ் உரிமமும் வாங்க முடியவில்லை. அப்போது கடைக்கு வந்துபோன ஒரு டெக்னீஷியன் லினக்ஸின் ஒரு வகையான உபுண்டுவின் 22.04 பதிப்பைப் போட்டுக் கொடுத்தார். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் கிடந்த கோப்புகள் லிப்ரே ஒபிஸ் என்ற இலவச ஆவணச் செயலியில் திறந்ததும் கடைக்காரரின் பயம் போயிற்று. அந்த டெக்னீஷியன் பிறகு டோஹாவுக்குப் போய்விட்டார்.

போயா தினத்து அப்கிரேட்

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று புகுந்ததாகச் சொல்லப்பட்டு நாடு முழுவதும் கரண்ட் போன நாள். அடுத்த நாட்களிலும் முறைவைத்து ஒன்றரை மணி நேரம் நிறுத்தினார்கள். இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு: பிறகு எங்கள் யோசனையை எல்லாம் அது தவறான பக்கம் இழுத்துக்கொண்டு போனது.

12ஆம் திகதி நவம் போயா (பௌர்ணமி விடுமுறை), கடை பூட்டு. உதவியாளர் அன்று வந்து பிரதான கணினியை உபுண்டு 24.04க்கு அப்கிரேட் செய்தார். 22.04க்கு 2027 வரை பாதுகாப்பு அப்டேட்கள் உண்டு, ஆகவே அவசரம் ஒன்றும் இல்லை. ஆனால் 'புதிய பதிப்பு தயார்' என்ற பெட்டி ஒவ்வொரு நாளும் வந்துகொண்டிருந்தது, வரைகலைச் செயலியான இங்க்ஸ்கேப்பின் புதிய பதிப்பும் அவருக்குத் தேவைப்பட்டது. 26ஆம் திகதி சிவராத்திரி. இரண்டு கோயில்களின் நோட்டீஸ் வேலை பாதியில் கிடந்தது. அதற்கு முன்னே முடித்துவிட்டால் நல்லது என்று நினைத்திருக்கிறார். நேரத் தெரிவு பிழை என்று இப்போது சொல்வது சுலபம். கடை பூட்டிய நாளில் செய்தது சரியான யோசனைதான்.

நடுவில் ஏதோ 'மொடியூல் கட்ட முடியவில்லை' என்ற மாதிரி வரிகள் ஓடியதாகவும், கேட்ட கேள்விகளுக்கு எல்லாம் என்டர் அழுத்தியதாகவும் பிறகு சொன்னார். யார்தான் அந்த வரிகளை வாசிக்கிறோம்?

மீண்டும் இயக்கியபோது ஒரு மொனிட்டர் மட்டும் எரிந்தது. அதுவும் 1024க்கு 768 அளவில், எழுத்தெல்லாம் பெருத்துப்போய். ஜன்னலை இழுத்தால் அரை விநாடி கழித்து அது நகர்ந்தது. மேல் மூலையில் நெட்வொர்க் குறியே இல்லை. அமைப்புப் பக்கத்தில் 'வயர்' என்ற பகுதியே காணாமல் போயிருந்தது.

அன்று மாலை, போனில்

ஆறு மணிக்கு அழைத்தார்கள். முதலில் பேசியது கடைக்காரர்.

"குரங்கு பார்த்த வேலைதான் தம்பி. ரெண்டும் எரிஞ்சுபோச்சு."

அதை நான் உடனே மறுக்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். கிராஃபிக்ஸ் கார்டும் நெட்வொர்க் போர்ட்டும் ஒரே நேரத்தில் போவது மின்னழுத்தம் எகிறிய பின் நடக்கக்கூடியது. மூன்று நாளுக்கு முன் நாடே இருண்டிருந்தது. கதை பொருந்தி வந்தது. ஆனால் 9ஆம் திகதிக்குப் பிறகு இரண்டு நாள் அந்தக் கணினி ஒழுங்காக வேலை செய்திருக்கிறது. அந்தக் கேள்வியை நான் அன்று கேட்கவே இல்லை.

ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னேன். கேபிளை வேறு துளையில் மாட்டச் சொன்னேன். ஒரு மணி நேரம் வீண். 'வயர்' பகுதியே இல்லை என்றால் கணினிக்கு நெட்வொர்க் கார்ட் இருப்பதே தெரியவில்லை என்று அர்த்தம். ரவுட்டரைத் தொட்டு ஒரு பயனும் இல்லை. இது என் தொழில், ஆனாலும் பழக்கதோஷத்தில் அதைத்தான் முதலில் சொன்னேன்.

உருப்படியாகச் செய்த ஒன்று: உதவியாளரின் ஆண்ட்ரொய்ட் போனைக் கேபிளில் மாட்டி யூஎஸ்பி டெதரிங் போடச் சொன்னது. போனையே ஒரு நெட்வொர்க் கார்டாக லினக்ஸ் எடுத்துக்கொள்ளும், தனியாக டிரைவர் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) ஏதும் தேவையில்லை. இணையம் வந்தது. அன்றிரவு அனுப்ப வேண்டியிருந்த ஒரு நோட்டீஸ் மருதானைக்குப் போனது.

அந்த இணையத்தை வைத்து நான் செய்த அடுத்த காரியம் பிழை. என்விடியா டிரைவர்தான் அரைகுறையாக நிற்கிறது என்று முடிவு கட்டி, அதன் பொதிகள் (நிறுவிய மென்பொருள் தொகுப்புகள்) எல்லாவற்றையும் நீக்கும் கட்டளையைப் போனில் எழுத்து எழுத்தாகச் சொன்னேன். அது போய்விட்டால் நூவோ என்ற திறந்த மூல டிரைவர் தானாக எழுந்துவிடும், இரவைச் சமாளிக்கலாம் என்பது கணக்கு. நீக்கினார், இயக்கினார். திரை அப்படியே இருந்தது.

"அண்ணா, இப்ப என்ன செய்யிறது?"

"ஒன்றும் தொடாதீங்கோ. காலையில் வாறன்."

ஜிடி 730 என்றால் என்விடியாவின் 470 வரிசை டிரைவர் பொருந்தும், காலையில் அதைப் போட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டு படுத்தேன். அதுவும் பிழை என்று காலையில் தெரிந்தது.

13ஆம் திகதி காலை, கடையில்

நான் போனபோது கடைக்காரர் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் ஒரு கடைக்கு அழைத்துக் கார்ட் விலை கேட்டுக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் பொறுக்கச் சொன்னேன்.

கணினியை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். கணினி எழும்பும்போது முதலில் வரும் பயோஸ் திரை தெளிவாக வந்தது. நெட்வொர்க் போர்ட்டின் பச்சை விளக்கு மினுங்கியது. இது போதிய சான்று இல்லை, ஆனாலும் முழுதாக எரிந்த பொருள்கள் இப்படி நடந்துகொள்வதில்லை.

இயக்கப் பட்டியலில் பழைய 5.15 கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) இன்னும் இருந்தது. அதைத் தெரிந்தெடுத்தேன். நெட்வொர்க் வந்துவிட்டது! திரை மட்டும் அதே அரைகுறை. சரி, போர்ட் எரியவில்லை. அப்புறம் நான் கொண்டுபோயிருந்த பென் டிரைவிலிருந்து உபுண்டு 24.04ஐ நிறுவாமலே இயக்கிப் பார்த்தேன். இரண்டு மொனிட்டர்களும் முழு அளவில் எரிந்தன, இணையமும் வந்தது.

இந்த ஆய்வில் எல்லாம் திரும்பிய இடம் அந்தப் பத்து நிமிடம்தான். வன்பொருள் நலம். புதிய பதிப்பும் நலம், அதே பதிப்புத்தான் பென் டிரைவில் ஓடுகிறது. அப்படியானால் குறை அந்த டிஸ்க்கில் யாரோ எழுதி வைத்த ஏதோ ஒன்றில்தான் இருக்க வேண்டும். கடைக்காரரிடம் கார்ட் வேண்டாம் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை, ஆனால் போனை வைத்தார்.

டிஸ்க்கில் உள்ள 24.04க்குத் திரும்பி, மதர்போர்டோடு இணைந்த (பிசிஐ) கருவிகளைப் பட்டியலிடும் கட்டளையை டிரைவர் விவரத்துடன் ஓடவிட்டேன். கிராஃபிக்ஸ் கார்டுக்கும் ரியல்டெக் நெட்வொர்க் சில்லுக்கும் ஒரே மாதிரி விடை வந்தது. பொருந்தக்கூடிய மொடியூலின் (டிரைவர் கோப்பின்) பெயர் இருக்கிறது, ஒன்றுக்கு நூவோ, மற்றதுக்கு ஆர்8169. ஆனால் 'பயன்பாட்டில் உள்ள டிரைவர்' என்ற வரி இரண்டிலும் இல்லை. ஆள் இருக்கிறார், வேலைக்கு எடுக்கவில்லை.

அதே பட்டியலில் கார்டின் சில்லுப் பெயர் ஜிஎஃப்108 என்றிருந்தது. ஜிடி 730 என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சில்லுகள் விற்பனைக்கு வந்தன. ஜிகே208 என்றால் கெப்லர் தலைமுறை, அதற்குக் கடைசி வரிசை 470. ஜிஎஃப்108 அதற்கும் முந்திய ஃபெர்மி, அதற்கு 390தான் கடைசி. பெட்டியின் மேல் எழுதியிருப்பதை நம்பி 470ஐப் போட்டிருந்தால் 'கருவி எதுவும் இல்லை' என்ற செய்தியோடு இன்னும் அரை நாள் போயிருக்கும், கார்ட் எரிந்தது என்ற கதையும் உறுதியாகியிருக்கும்.

இரண்டு டிரைவர், ஒரு கோப்பு

டிரைவர்களைத் தடுத்து வைக்கும் கட்டளைகள் அமைப்புக் கோப்புகள் உள்ள எட்ஸி அடைவுக்குள் மொட்புரோப்.டி என்ற அடைவில் இருக்கும். 'பிளாக்லிஸ்ட்' என்ற சொல்லை அங்கே தேடினேன். டெக்னீஷியன் கையால் எழுதிய கோப்பு ஒன்று அகப்பட்டது, 2022 ஜூன் மாதத்தது. மூன்று வரிகள்: நூவோவைத் தடு, நூவோ திரையைக் கையாள விடாதே, ஆர்8169ஐத் தடு. மேலே ஆங்கில எழுத்தில் தமிழாக ஒரு குறிப்பு: 'இதைத் தொடவேண்டாம்'. ஏன் என்று இல்லை.

நடந்தது இதுதான். 2022இல் அவர் கார்டுக்கு என்விடியாவின் 390 டிரைவரைப் போட்டார். நெட்வொர்க்குக்கு, கெர்னலோடு வரும் ஆர்8169ஐ விட்டு, ரியல்டெக் தரும் ஆர்8168ஐ மூலநிரலிலிருந்து கட்டி நிறுவினார். இரண்டும் கெர்னலுக்கு வெளியே இருப்பவை. கெர்னல் மாறும்போதெல்லாம் டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடு அவற்றைப் புதிதாகக் கட்டிக்கொடுக்க வேண்டும். கெர்னலை 5.15 வரிசையிலேயே நிறுத்தி வைத்திருந்ததால் ஏறக்குறைய மூன்று வருடம் பிரச்சினை வரவில்லை. 24.04 வந்தபோது கெர்னல் 6.8 ஆயிற்று. கெர்னலின் உள்ளமைப்பு இடையில் மாறிவிட்டதால் பழைய ஆர்8168 மூலநிரலை அதில் கட்ட முடியவில்லை, டிகேஎம்எஸ்ஸின் பதிவுக் கோப்பில் பிழைவரிகள் அப்படியே இருந்தன. 390 வரிசைக்கு என்விடியாவின் ஆதரவு 2022 முடிவோடு நின்றுவிட்டது, 24.04இன் மென்பொருள் களஞ்சியத்திலும் அது இல்லை. ஆக, வெளியிலிருந்து வந்த இரண்டு பேரும் போய்விட்டார்கள். அவர்களுக்கு இடம்விட்டு ஒதுங்கியிருந்த வீட்டுக்காரர்கள் இருவருக்கும் (நூவோ, ஆர்8169) கதவு இன்னும் பூட்டியே கிடந்தது.

முதல் நாள் இரவு என்விடியா பொதிகளை நீக்கியும் நூவோ எழாததற்கு இதுதான் விளக்கம். பொதி தானே வைத்த தடையை அது போகும்போது எடுத்துக்கொண்டு போகும். கையால் எழுதியதை யாரும் எடுக்கமாட்டார்கள்.

உறுதிப்படுத்த ஒரு சோதனை செய்தேன். பிளாக்லிஸ்ட் வரி தானாக ஏற்றப்படுவதை மட்டுமே தடுக்கும், பெயர் சொல்லி ஏற்றினால் தடுக்காது. ஆர்8169ஐ மொட்புரோப் கட்டளையால் கையால் ஏற்றினேன். சில விநாடிகளில் 'வயர்' பகுதி வந்து, முகவரி கிடைத்து, பக்கங்கள் திறந்தன. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த கடைக்காரர், "அப்ப குரங்கு இல்லையோ?" என்றார்.

எடுத்த முடிவுகள்

நெட்வொர்க்கில் யோசிக்க அதிகம் இல்லை. ஆர்8168ஐ டிகேஎம்எஸ்ஸிலிருந்து நீக்கி, ஆர்8169 தடை வரியை எடுத்தோம். ஆனால் 2022இல் அதை ஏன் போட்டார் என்று தெரியாமல் எடுப்பது எனக்குப் பிடிக்கவில்லை. உதவியாளர் மூலம் டோஹாவுக்கு வட்ஸ்அப் போட்டோம். மத்தியானம் குரல் பதிவு வந்தது. அந்த வருடக் கரண்ட் வெட்டுகளின்போது, கரண்ட் திரும்பி ரவுட்டர் எழும்பியதும் இணைப்பு அடிக்கடி வேகம் குறைந்தும் அறுந்தும் நின்றதாம், டிரைவரை மாற்றினால் சரியாகும் என்று மாற்றினாராம். ஆகவே ரவுட்டரைப் பத்துத் தடவை பிளக்கைக் கழற்றிப் போட்டுப் பார்த்தோம். பத்திலும் இணைப்புத் திரும்பி வந்தது. ஆனால் மூன்று தடவை 1000 எம்பிபிஎஸ்ஸுக்குப் பதில் 100இல் நின்றது. 1000க்குக் கேபிளின் நான்கு சோடிக் கம்பிகளும் வேண்டும், 100க்கு இரண்டு போதும். மேசைக் காலில் நசுங்கிக் கிடந்த அந்தக் கேபிளை மாற்றிய பிறகு ஒரு தடவையும் குறையவில்லை. 2022இலும் குற்றவாளி கேபிள்தானோ என்று எனக்குச் சந்தேகம். நிரூபிக்க வழியில்லை.

கிராஃபிக்ஸில் மூன்று வழிகள் இருந்தன. 390ஐத் தன்னார்வலர்கள் தரும் திருத்தங்களோடு 6.8இல் கட்டுவது முதல் வழி. ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டுக்கும் இதே இரவு திரும்பி வரும், ஆகவே வேண்டாம் என்றேன். கார்டைக் கழற்றிவிட்டு மதர்போர்டின் சொந்தக் கிராஃபிக்ஸில் ஓட்டுவது இன்னொன்று. அதில் இருந்தது ஒரு விஜிஏ துளை மட்டும், இரண்டாவது திரை போய்விடும். மிஞ்சியது நூவோ. ஃபெர்மி கார்ட்களில் நூவோவால் கார்டின் கடிகார வேகத்தை உயர்த்த முடியாது, முப்பரிமாண வேலைக்கு உதவாது. இந்தக் கடையில் அப்படி ஒரு வேலையும் இல்லை. நூவோவைத் தெரிந்தெடுத்தோம்.

டெக்னீஷியன் கையால் எழுதிய கோப்பை அழிக்காமல் வேறு அடைவுக்கு நகர்த்தி, தொடக்க ரேம் படிமத்தை (கணினி எழும்பும்போது முதலில் ஏறும் சிறு கோப்பை) புதுப்பித்து மீண்டும் இயக்கினோம். அந்தப் படிமத்துக்குள்ளும் இந்தத் தடைகளின் பிரதி இருக்கும், ஆகையால் அந்தப் படியை விடக்கூடாது. இரண்டு மொனிட்டர்களும் எரிந்தன.

அதோடு முடியவில்லை. 24.04, திரையைக் கையாளும் புதிய முறையான வேலண்ட் அமர்வில் திறந்தது. நான் வீட்டிலிருந்து திரையைப் பார்க்கப் பயன்படுத்தும் செயலி அதில் சரியாக ஓடவில்லை. பழைய முறையான எக்ஸ்ஓர்க் அமர்வைத் தெரிந்தால் கடவுச்சொல் கொடுத்ததும் மறுபடி நுழைவுத் திரைக்கே தள்ளிவிட்டது. பதிவில் பார்த்தால், 2022இல் என்விடியாவின் கருவி எழுதிய எக்ஸ்ஓர்க் அமைப்புக் கோப்பு இன்னும் என்விடியா டிரைவரையே கேட்டுக்கொண்டிருந்தது. அதன் பெயரை மாற்றிய பிறகு உள்ளே விட்டது. பிற்பகல் மூன்று மணிக்குக் கடை வழமைக்கு வந்தது.

பிறகு நடந்தவை

சிவராத்திரி நோட்டீஸ்கள் நேரத்துக்குப் போயின. கார்ட் வாங்கவில்லை. செலவு ஒரு கேபிளும் அரை நாள் வருமானமும். படங்கள் நிறைந்த நினைவு மலர்ப் பக்கங்களை உருட்டும்போது முன்னைவிடச் சற்று மெதுவாக இருப்பதாக உதவியாளர் சொன்னார். ஜன்னல் அசைவூட்டங்களை நிறுத்திவிட்ட பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை.

இன்று செய்வதானால்

பென் டிரைவ் சோதனையை அப்கிரேட்டுக்கு முதல் நாளே செய்திருப்பேன். திரையும் இணையமும் அதில் வந்தால், பிறகு எது கெட்டாலும் எங்கே தேடுவது என்று தெரியும். அதற்கு முன்னரே மொட்புரோப்.டி அடைவையும் டிகேஎம்எஸ் பட்டியலையும் ஒரு தடவை பார்த்திருந்தால் இந்த ஆய்வு எழுதப்பட்டிருக்காது, இரண்டுக்கும் சேர்த்து ஐந்து நிமிடம் போதும்.

போனில் எதையும் நீக்கச் சொல்லியிருக்கமாட்டேன். அந்தக் கட்டளை நிலைமையை மோசமாக்கவில்லை என்றாலும், காலையில் நான் பார்த்தது அப்கிரேட் விட்டுச்சென்ற நிலை இல்லை. எது அதனால் வந்தது, எது என்னால் வந்தது என்று பிரித்துப் பார்ப்பதற்கே நேரம் போயிற்று.

அந்த டெக்னீஷியன்மேல் எனக்குக் குறை இல்லை. அப்போது இருந்த நிலைமைக்கு அவர் செய்தது வேலை செய்தது. 'இதைத் தொடவேண்டாம்' என்ற இடத்தில் 'கரண்ட் வந்ததும் இணைப்பு அறுகிறது, அதனால்' என்று எழுதியிருந்தால் நான் நேரே அங்கே போயிருப்பேன்.

இரண்டாவது கணினி

மார்ச் 13, மெதின் போயா. கடையின் இரண்டாவது கணினிக்கு அப்கிரேட். இந்தத் தடவை நான் பக்கத்தில் இருந்தேன். தொடங்க முன்னர் தேடிப் பார்த்ததில் அதே கோப்பு, அதே மூன்று வரிகள், அதே குறிப்பு. இந்தக் கணினியில் என்விடியா கார்டே இல்லை, ஆனாலும் நூவோ தடை இருந்தது. ஒன்றிலிருந்து மற்றதுக்குப் பிரதி எடுத்திருக்கிறார். ஆர்8168ஐ நீக்கி, கோப்பை நகர்த்தி, பழைய 22.04இலேயே ஒரு தடவை மீண்டும் இயக்கி நெட்வொர்க் வருகிறதா என்று பார்த்துக்கொண்டோம். வந்தது. அப்கிரேட் மத்தியானத்துக்கு முன் முடிந்தது, முதல் இயக்கத்திலேயே எல்லாம் வந்தது.

மூன்றாவது கணினியை இன்னும் தொடவில்லை. அதில்தான் கணக்கு இருக்கிறது, ஏப்ரல் புத்தாண்டு வேலை முடியும்வரை விடும்படி கடைக்காரர் கேட்டுக்கொண்டார்.